வெள்ளம் வடிஞ்சாச்சா? முதல்ல கிணத்தைப் பாருங்க!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரைபுரள, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்துக் கிராமங்கள் மூழ்கின. இப்படி வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் முதலில் எடுப்பது சேறு வார மண்வெட்டியைத்தான். ஆனா, அதைவிட அவசரம் கிணறு.

சாக்கடை, செத்த ஆடு மாடு, வயல் மருந்துன்னு எல்லாம் கலந்த தண்ணீர் அதுக்குள்ளதான் கிடக்கும். அதுக்காக, 'மோட்டார் போட்டு ஒரேயடியா இறைச்சிடலாம்'னு இறங்காதீங்க. சுற்றிலும் மண் ஊறியிருக்கும்போது கிணறு காலியானால், வெளியே நிற்கும் நீரின் அழுத்தம் சுவரையே உள்ளே தள்ளிவிடும். நிலத்தடி நீர் இறங்க இறங்க, கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதே பாதுகாப்பு. டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது; தூர் வாரப் போனவர் அந்தப் புகையிலேயே போயிடுவார்.

அடுத்து ப்ளீச்சிங் பவுடர். சாதாரண நாள்ல 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். வெள்ளத் தண்ணிக்கு அது பத்தாது. சுகாதார ஆய்வாளரிடம் அளவு கேட்டுக்கோங்க. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றணும். ஒரு மணி நேரமாவது விடணும்.

பூச்சிமருந்து கலந்திருந்தால் ப்ளீச்சிங்கும் உதவாது, காய்ச்சினாலும் போகாது. தண்ணீரைப் பரிசோதிக்கும்வரை குடிக்க லாரித் தண்ணிதான். அதையும் காய்ச்சியே குடிங்க.