எல்லைச் சாலை – 9: கால் கிலோவாட்

பாரூர் ஏரிக்கரை ஏறுவதற்கு முன்னால் அத்தை வண்டியை விட்டு இறங்கிவிடுவார். மாமா ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு மேலே போவார். அத்தை பின்னால் நடந்து வருவார். வண்டியும் அத்தையும் கரை மேலே ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேர்வார்கள். “ஐம்பத்தி ரெண்டாயிரம் கொடுத்து வாங்கின வண்டிக்கு நான் வழி காட்டிக்கிட்டு முன்னால நடக்கணும் போலிருக்கு” என்று அத்தை சொன்னதை ஊரே சொல்லிச் சிரித்தது.

வண்டி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. விற்றவர் சொன்ன மூன்று ‘வேணாம்’களில் மாமா மயங்கியிருந்தார். ஆர்சி வேணாம், லைசென்ஸ் வேணாம், இன்சூரன்ஸ் வேணாம். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும் பால் சொசைட்டிக்கும் போய்வர இதைவிட வேறென்ன வேண்டும்? கேலி தாங்காமல் ஒருநாள் மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் சீட்டைத் தூக்கி, உள்ளங்கை அகலத்துக்கு இருந்த அலுமினியப் பெட்டியிலிருந்து வளையமாகத் தொங்கிய ஒரு வெள்ளை ஒயரின் சாக்கெட்டைப் பிடுங்கிவிட்டார். ஐந்து நிமிட வேலை, இருநூறு ரூபாய். அன்று மாலை ஸ்பீடோ மீட்டர் 42 காட்டியது.

இந்த மாதம் நான் போனபோது வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். “மாப்ள, இப்ப ஓட்டிப் பாருங்க, பறக்குது.”

“மாமா, அது இப்போ வேற வண்டி” என்றேன்.

“அதே வண்டிதான். ஒரு ஒயருதான கழட்டினோம்?”

அந்த ஒரு ஒயரைப் பற்றித்தான் இந்த வாரம்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 2(u) என்று ஒரு பிரிவு இருக்கிறது. பேட்டரி வண்டி என்றால் என்ன என்று சொல்லிவிட்டு, எது ‘மோட்டார் வாகனம் அல்ல’ என்றும் அது சொல்கிறது. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். பேட்டரியைக் கழித்து எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒழுங்கான பிரேக், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் வேண்டும். பெடல் உதவி சைக்கிளாக இருந்தால், 25-ஐத் தொடும்போதோ மிதிப்பதை நிறுத்தும்போதோ மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும். இதையெல்லாம் அரசு ஏற்ற ஒரு சோதனை நிலையம் பார்த்துச் சான்று கொடுத்திருக்க வேண்டும். புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட், நம் ஒரகடத்தில் ஜிஏஆர்சி ஆகியவை அப்படிப்பட்ட நிலையங்கள். விற்றவர் சொன்ன மூன்று ‘வேணாம்’களும் இந்தப் பிரிவிலிருந்து வந்தவைதான். அவர் பொய் சொல்லவில்லை. நிபந்தனைகளைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

முப்பது நிமிடத் திறன் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மோட்டார் சூடேறிக் கெடாமல் அரை மணி நேரம் தொடர்ந்து எவ்வளவு இழுக்குமோ அதுதான் கணக்கு. கிளம்பும்போதும் மேட்டிலும் சில நொடிகள் அதைவிட அதிகமாக இழுத்தால் குற்றமில்லை. மாமா வண்டியின் அலுமினியப் பெட்டியில் 48 வோல்ட், 20 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்கிப் பார்த்தால் 960 வாட். மோட்டாரிலோ 250 என்றுதான் பொறித்திருக்கிறது. இரண்டும் ஒரே வண்டியில் இருக்கலாம். அந்த 960-ஐ எவ்வளவு நேரம், எந்த வேகம் வரை இழுக்க விடுவது என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் கட்டுப்பாடு தீர்மானிக்கிறது. பிடுங்கப்பட்ட வெள்ளை ஒயர் அந்தக் கட்டுப்பாட்டின் ஒரு கை.

250 வாட் எவ்வளவு என்று மாமாவுக்கு வாட்டில் சொன்னால் புரியவில்லை. எச்.பி.யில் சொன்னால் உடனே பிடித்துக்கொண்டார். கிணற்று மோட்டார் வைத்திருப்பவர் ஆயிற்றே. ஒரு எச்.பி. என்பது 746 வாட். அப்படியென்றால் ஸ்கூட்டருக்கு மூன்றில் ஒரு எச்.பி. அவருடைய 5 எச்.பி. கிணற்று மோட்டாருக்குள் இந்த மாதிரி பதினைந்து மோட்டார்கள் அடங்கும். “அட, நாலு குண்டு பல்பு எரியற கரண்டா?” என்றார். சரிதான், நாலு அறுபது வாட் பல்பு.

அந்த நாலு பல்பை வைத்துக்கொண்டு ஏரிக்கரையைப் பாருங்கள். மாமா 70 கிலோ, அத்தை 60, பேட்டரியோடு வண்டி 90, பால் கேனும் தீவனமும் 20. மொத்தம் 240 கிலோ. இருபது அடி போனால் ஓரடி உயரும் சரிவு என்று வைத்துக்கொண்டால், தொடர்ந்து கிடைக்கும் 250 வாட்டை மட்டும் நம்பி அந்தப் பாரம் ஏறும் வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டர்தான். அத்தையின் நடையும் கிட்டத்தட்ட அதேதான். சமதளத்தில்கூட இரண்டு பேரோடு 25-இல் நிலையாகப் போக 350 வாட்டுக்கு மேல் வேண்டும். ஊர் சிரித்தது வண்டியைப் பார்த்து; கணக்கோ முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது.

அப்படியானால் இந்த 250 எங்கிருந்து வந்தது? தமிழில் 0.25-ஐக் கால் என்கிறோம். நம் மிதிக்கும் காலுக்கும் அதே சொல். இந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பதும் மிதிக்கும் கால்தான். சாதாரண ஆள் சைக்கிளில் சளைக்காமல் மிதித்தால் 100 வாட் அளவுக்குத் தருவார். நல்ல பயிற்சி உள்ளவர் 200-ஐத் தொடுவார். 1993-இல் ஜப்பானில் யமஹா நிறுவனம் முதல் மின் உதவி சைக்கிளை விற்கத் தொடங்கியபோது அதன் நோக்கம், மிதிப்பவரின் காலுக்கு இன்னொரு கால் கொடுப்பது. ஜப்பான் சட்டம் இன்றும் அந்த விகிதத்தைத்தான் அளக்கிறது. மெதுவாகப் போகும்போது, கால் தருவதற்கு அதிகபட்சம் இரண்டு மடங்கு மோட்டார் தரலாம். 24 கிலோமீட்டர் வேகம் வரும்போது உதவி பூஜ்யமாகிவிட வேண்டும். ஐரோப்பா 250 வாட், 25 கிலோமீட்டர் என்று எழுதியது. அதுவும் மிதிக்கும் வண்டிக்கு மட்டும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தாராளமாக 750 வாட் வரை விட்டது. சீனா 2018-இல் வெளியிட்ட தரவிதியில் 400 வாட், 25 கிலோமீட்டர், 55 கிலோ என்று வைத்து, பெடல் கட்டாயம் என்றது.

நாம் ஐரோப்பாவின் எண்ணை எடுத்துக்கொண்டு, பெடலைக் கட்டாயமாக்காமல் விட்டோம். 250-க்குக் குறைவாக இருந்தால் கைப்பிடியைத் திருகினாலே ஓடும் ஸ்கூட்டருக்கும் அதே சலுகை. இரண்டு பேர் உட்காரும் நீளத்தில் சீட்டு, கால் வைக்கும் இடத்தில் சிமெண்ட் மூட்டை, ஆனால் மோட்டார் மட்டும் சைக்கிள்காரருக்கானது. இந்தப் பொருத்தமின்மைதான் வெள்ளை ஒயரில் கை வைக்கச் சொல்கிறது என்பது என் எண்ணம். மாமாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் கை வைத்த பிறகு என்ன ஆகிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் போதும், அந்த வண்டி ‘மோட்டார் வாகனம்’ ஆகிவிடுகிறது. அப்போது அது பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். ஓட்டுபவரிடம் லைசென்ஸும் இல்லை. 2019 திருத்தத்தின்படி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய். பதிவில்லாமல் ஓட்டினால் 5,000 வரை. இன்சூரன்ஸ் இல்லாததற்கு முதல் தடவை 2,000. ஹெல்மெட் இல்லாததற்கு 1,000. வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்குத் தனியாக 5,000, அல்லது ஆறு மாதம் வரை சிறை. பத்தாவது படிக்கும் பேரன் டியூஷனுக்கு எடுத்துப்போய் மாட்டிக்கொண்டால் பெற்றோர் அல்லது வண்டிக்காரர் பெயரில் 25,000 ரூபாயும் மூன்று ஆண்டுவரை சிறையும். அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

அபராதத்தைக்கூட ஒருமுறை கட்டித் தொலைக்கலாம். எனக்குப் பயம் வேறு இடத்தில். சந்தை நாளில் ஒருவர் மேல் மோதி அவருடைய கால் போனால், இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கேட்கும் முதல் கேள்வி இன்சூரன்ஸ் எங்கே என்பது. கம்பெனி இல்லாத இடத்தில் உரிமையாளரின் நிலம் நிற்கும். மாமாவுக்கு நெடுங்கல் அணைக்கட்டுத் தண்ணீர் பாயும் ஒன்றே கால் ஏக்கர் இருக்கிறது. இதைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. பிரேக்கையும் சொன்னேன். 25-இல் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றலைவிட 45-இல் அடக்க வேண்டியது மூன்று மடங்குக்கும் மேல். வண்டியில் இருப்பதோ சைக்கிளுக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு டிரம் பிரேக்.

விற்பவர்களும் தப்ப முடியாது. 2023-இல் கேரள மோட்டார் வாகனத் துறை ஷோரூம்களிலேயே போய்ச் சோதித்தது; வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றி விற்ற வண்டிகள் சிக்கின. விதிக்கு ஒத்துவராத வண்டியை விற்றால் வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று சட்டம் சொல்கிறது. நான் கேட்ட ஒரு கடையில், “அதெல்லாம் நாங்க பண்றதில்லீங்க, வெளியில பண்ணிக்கிறாங்க” என்றார்கள். வெளியில் என்பது கடைக்கு எதிர்ச்சாரி.

இன்னொரு வகையும் இந்தப் பக்கத்தில் பெருகிவிட்டது. பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா சைக்கிளின் சக்கரத்தில், தபாலில் வாங்கிய மோட்டார் கிட்டை மாட்டுகிறார்கள். சிப்காட் ஷிப்டுக்குப் போகிற பையன்களிடம் நிறையப் பார்க்கலாம். கிட்டோடு வரும் காகிதம் மோட்டாருக்கானது. விதி கேட்பது முழு வண்டிக்கான சான்று. 250 என்று எழுதியிருப்பதால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் ஊரைச் சுற்றி அரை நாள் பயணம் போனால் நாட்டின் மின் ஸ்கூட்டர் தொழிலில் பெரும்பகுதி கண்ணில் படும். ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர். சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி. பக்கத்திலேயே போச்சம்பள்ளியில் ஓலா. அந்தத் தொழிற்சாலையிலிருந்து முதலில் வந்த எஸ்1 ப்ரோவின் உச்சத் திறன் 8.5 கிலோவாட், மாமா மோட்டாரின் முப்பத்து நாலு மடங்கு. பச்சை நம்பர் பிளேட், ஆர்சி, லைசென்ஸ் எல்லாம் வேண்டிய வண்டி. அதே நிறுவனம் 2024 நவம்பரில் ‘கிக்’ என்று 250 வாட், 25 கிலோமீட்டர் வண்டியை 39,999 ரூபாய்க்கு அறிவித்தது. டெலிவரி வேலை செய்பவர்களை மனதில் வைத்து, ஒரு ஆளும் ஒரு பையும் என்ற கணக்கில். அந்தக் கணக்கு எனக்கு நியாயமாகவே படுகிறது.

எட்டு கிலோவாட்டுக்கும் கால் கிலோவாட்டுக்கும் நடுவில்தான் கிராமம் இருக்கிறது. 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தபோது அந்த நடு இடத்தை அது நிரப்பியது. புருஷன், பெண்டாட்டி, புல்லுக்கட்டு, எல்லாவற்றையும் 50 சி.சி. இழுத்தது. சட்டத்திலும் அதற்கு ஒரு படி இருந்தது, 50 சி.சி. வரை பதினாறு வயதிலேயே லைசென்ஸ் எடுக்கலாம். அந்தப் படி சி.சி. என்ற அளவில் எழுதப்பட்டது. மின் மோட்டாருக்கு சி.சி. ஏது? ஒரு கிலோவாட், நாற்பது கிலோமீட்டர் என்று ஒரு வகுப்பு வைத்து, எளிய பதிவும் கட்டாய இன்சூரன்ஸும் கொடுத்தால் வெள்ளை ஒயர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதிகாரிகள் படிக்கிறார்களோ இல்லையோ, எழுதி வைக்கிறேன்.

எல்லைக் கேள்விக்கு வருகிறேன், இந்தத் தொடரில் அது இல்லாமல் முடியாது. ஜூஜூவாடி தாண்டினால் விதி மாறுமா என்று ஓசூர் வாசகர்கள் கேட்டிருந்தார்கள். மாறாது, 0.25 கிலோவாட் மத்திய விதி, அத்திப்பள்ளியிலும் அதுவே. மாறுவது பதிவு செய்த வண்டிகளுக்குத்தான். கர்நாடகப் பதிவெண் போட்ட பச்சை பிளேட் வண்டியை ஓசூரில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே புதுப் பதிவெண் வாங்க வேண்டும். ஒன்று மட்டும்: கால் கிலோவாட் வண்டியை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். பின்னால் வரும் கண்டெய்னர் லாரிக்காரருக்கு நீங்கள் நின்றுகொண்டிருப்பது போலத்தான் தெரியும்.

மறுநாள் மாமாவும் நானும் அந்த மெக்கானிக்கிடம் போனோம். அவர் சீட்டைத் தூக்கினார். வெள்ளை ஒயர் டேப் சுற்றி ஒரு மூலையில் கிடந்தது. சாக்கெட்டை ஊதி, திரும்பச் செருகினார். ‘க்ளிக்’ என்று சின்னதாக ஒரு சத்தம்.

“எவ்வளவுப்பா?” என்று மாமா பையில் கையை விட்டார்.

“கழட்டறதுக்குத்தாங்க எர்நூறு. மாட்டறதுக்கு ரேட்டு வெக்கல. இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல.”

(தொடரும்)