சிறு கடனும் முடிதிருத்தும் தொழிலும்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றதும் ஒரு காட்சி நினைவுக்கு வரும். லயத்து ஓரத்தில் ஒரு மரம்; மரத்தடியில் ஒரு நாற்காலி; எதிரே ஆணியில் தொங்கும் சிறு கண்ணாடி. மிதிவண்டியில் வந்த முடிதிருத்துநர் தம் பெட்டியைத் திறப்பார். பிள்ளைகள் வரிசையில் காத்திருப்பர். கூலி பெரும்பாலும் சம்பள நாளன்றுதான் அவர் கைக்குப் போய்ச் சேரும். இன்று பல தோட்டங்களுக்கு அந்த மிதிவண்டி வருவதில்லை. முடி வெட்டிக்கொள்ளப் பட்டணத்துக்குப் போகிறோம். இல்லையேல், மாலை வேளையில் வீட்டு வாசலில் அண்டை அயலாருக்கு முடி வெட்டிவிடும் இளைஞர் ஒருவரை நாடுகிறோம்.

அந்த இளைஞரையும், அவரைப் போலவே வீட்டில் கூந்தல் அலங்காரமும் புருவம் திருத்துதலும் செய்துவரும் பெண்களையும் மனத்தில் கொண்டே இதனை எழுதுகிறோம். முடி வெட்டுவதை ஒரு சாராருக்கு மட்டுமே உரிய வேலை என்று ஒதுக்கிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. அந்த எண்ணத்தால் நல்லதொரு கைத்தொழிலைக் கற்காமல் விட்டவர்கள் நம்மிடையே பலர். இன்று பயிற்சி பெற்று இத்தொழிலில் இறங்குவோரிடம் எவரும் குலம் கேட்பதில்லை. கை சுத்தமா, வெட்டு நேரா என்றுதான் கேட்கிறார்கள்.

தொழில் கொஞ்சம் பிடிபட்டதும், "ஐயாயிரம் வெள்ளி கிடைத்தால் பட்டணத்தில் ஒரு கடை போட்டுவிடுவேன்" என்ற எண்ணம் பிறப்பது இயல்பு. எண்ணம் நல்லதே. ஆயினும் கடன் படிவத்தில் கையெழுத்திடும் முன், அந்தக் கடனை வெள்ளியில் எண்ணுவதோடு தலைகளிலும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கூற விரும்புகிறோம். கணக்கு இதுதான்.

5,000 வெள்ளிக் கடன், ஆண்டுக்கு 4 விழுக்காடு கட்டணம், இரண்டு ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 200 வெள்ளியாக இரண்டு ஆண்டுக்கு 400 வெள்ளி. திருப்பிச் செலுத்த வேண்டியது 5,400 வெள்ளி. மாதத் தவணை 225 வெள்ளி. ஒரு தலைக்கு 12 வெள்ளி வாங்குவதாயின், தவணைக்கு மட்டும் மாதம் 19 தலைகள் வேண்டும். இது எளிதாகத் தோன்றும். ஏமாந்து போகும் இடமும் இதுவே. கடை வாடகை 500 வெள்ளி, மின்சாரமும் தண்ணீரும் 120 வெள்ளி, சவர அலகு, மாவு, துண்டு போன்றவற்றுக்கு 80 வெள்ளி என்று சேர்த்தால், தவணையோடு 925 வெள்ளி ஆகிவிடும். 78 தலைகளை முடித்த பின்னர்தான் நம் வீட்டு அரிசிக்கு முதல் காசு வரும். 2025ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்த அளவேனும் கையில் நிற்க வேண்டுமென்றால் மாதம் 219 தலைகள்; 26 நாள் வேலையில் நாளொன்றுக்கு எட்டு அல்லது ஒன்பது. உங்கள் ஊர் வாடகையையும் கூலியையும் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

அந்த எட்டுப் பேரும் நாள் தவறாமல் வருவார்களா? செவ்வாயும் வெள்ளிக்கிழமையும் நம்மவர் பலர் முடி வெட்டிக்கொள்வதில்லை. ஆகவே மலாய்க்காரர், சீனர், வெளிநாட்டுத் தொழிலாளர் ஆகியோரும் வந்து போகும் இடத்தில் கடை அமைவது நல்லது. தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும், பள்ளி திறக்கும் முன்னரும் உட்கார நேரமிருக்காது. ஆண்டின் தொடக்கத்தில் பால்மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களிலோ பால் குறையும். பால் குறைந்தால் சம்பளம் குறையும். சம்பளம் குறைந்த வீட்டில் தந்தை தம் முடியை இரண்டு வாரம் தள்ளிப் போடுவார். மழை பெய்து வெட்டு நின்ற மாதத்திலும் அப்படியே. மணப்பெண் அலங்காரம் செய்யும் பெண்களுக்கு ஆடியும் மார்கழியும் வறண்ட மாதங்கள். தவணைக்கு இவையெல்லாம் தெரியாது. அது எல்லா மாதமும் ஒரே 225 வெள்ளிதான். தீபாவளிப் பணத்திலிருந்து மூன்று தவணையைத் தனியே எடுத்து வைத்தவர், இலையுதிர் காலத்தில் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

கடன் பணம் எதில் கரைகிறது என்பதையும் பார்ப்போம். கடை வாடகைக்கு எடுக்கும்போது பொதுவாக இரண்டு மாத வாடகை வைப்புப் பணமாகவும், அரை மாத வாடகை தண்ணீர் மின்சாரத்துக்கான வைப்புப் பணமாகவும், முதல் மாத வாடகை முன்னதாகவும் கேட்பார்கள். 500 வெள்ளிக் கடைக்கு 1,750 வெள்ளி, கத்தரிக்கோலைத் தொடும் முன்பே போய்விடும். மீதி 3,250 வெள்ளியில் நாற்காலி, கண்ணாடி, முடிவெட்டும் இயந்திரம் ஆகியவற்றுக்கு 2,250 வெள்ளிக்கு மேல் செலவிடாமல், 1,000 வெள்ளியைத் தொடாது வைத்தால் நான்கு மாதத் தவணைக்குக் காவல் இருக்கும். குளிர்சாதனமும் மின்னும் பெயர்ப் பலகையும் பிறகு வரட்டும். பழைய நாற்காலி ஒன்று கிடைத்தால் அதுவே போதும். அதன் மீது அமர்பவர் நாற்காலியைப் பார்ப்பதில்லை, கண்ணாடியைத்தான் பார்க்கிறார். ஆனால் சவர அலகில் மட்டும் சிக்கனம் கூடாது. ஒருவருக்குப் பயன்படுத்திய அலகை மற்றவருக்குப் பயன்படுத்தினால் மஞ்சட்காமாலைக் கிருமி முதலியவை இரத்தத்தின் வழி பரவக்கூடும். தலைக்கு ஒரு புது அலகு என்பதை மாற்றமின்றிக் கடைப்பிடிக்க வேண்டும்.

கடையில் கால் ஊன்றியதும் இரண்டாவது நாற்காலி ஆசை வரும். இங்கே நாற்காலியை விடக் கைதான் அரிது. முடிதிருத்தும் கடைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளரைத் தருவிப்பது 2009ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதனால் ஆளின்றித் திண்டாடிய இந்தியர் கடைகள் ஏராளம். 2023ஆம் ஆண்டில் முடிதிருத்தகம், துணிக்கடை, நகைத் தொழில் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அரசாங்கம் ஒப்புதல் அளித்தது. சிறு கடைக்காரர் இதை நம்பி நாற்காலி வாங்குதல் சரியன்று. தோட்டத்திலேயே ஆர்வமுள்ள ஒருவருக்கு முதலில் தொழிலைக் கற்றுக் கொடுங்கள். அவர் கை தேறிய பிறகு நாற்காலி வாங்குங்கள். வெட்டுக்கூலியில் பாதிக்குப் பாதி என்று பேசினால், அந்த நாற்காலியிலிருந்து கடைக்காரருக்குத் தலைக்கு 6 வெள்ளிதான் மிஞ்சும். மற்றொரு 225 வெள்ளித் தவணையை அதிலிருந்து கட்ட, 19 அன்று, 38 தலைகள் வேண்டும்.

கடன் தருவோர் யார்? 1998ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தெக்குன் நிறுவனத்தில், இந்தியத் தொழில்முனைவோருக்கென ஸ்புமி என்னும் திட்டம் உண்டு. பங்களாதேசத்தின் கிராமின் வங்கியைப் பின்பற்றி 1987ஆம் ஆண்டில் அமைந்த அமானா இக்தியார் மலேசியா, பிணையோ உத்தரவாதமோ கேட்காமல், சிறு குழுக்களாகச் சேர்ந்த பெண்களுக்குக் கடன் அளித்து வருகிறது. குழுவில் ஒருவர் தவணை தவறினால் மற்றவர் முகம் பார்க்க வேண்டிவரும். இதுவே அங்குப் பிணை போல் அமைகிறது. இந்தியப் பெண்களுக்கென்றே 'பெண்' என்னும் திட்டத்தையும் அது 2024ஆம் ஆண்டில் தொடங்கிற்று. தொகையும் நிபந்தனையும் அவ்வப்போது மாறுமாதலால் அருகிலுள்ள கிளையில் நேரில் கேட்டறிவதே முறை. கேட்கும்போது ஒரு கேள்வியை மறவாதீர்கள்: "இந்த விழுக்காடு முழுக் கடன் மீதா, மீதிக் கடன் மீதா?" நாம் மேலே போட்ட கணக்கில் 4 விழுக்காடு, கடைசி மாதம் வரை முழு 5,000 வெள்ளி மீதும் கணக்கிடப்பட்டது. கடன் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருவதால், மீதிக் கடன் முறையில் அது ஏறத்தாழ ஏழரை விழுக்காட்டுக்குச் சமம்.

இதையும் கூடுதல் என்று எண்ணி, படிவமில்லாமல் ஒரே நாளில் பணம் தருவதாகச் சுவரொட்டி ஒட்டும் ஆலோங் கும்பலிடம் போனவர்களின் கதை நாம் அறியாததன்று. மாதத்துக்கு 10 விழுக்காடு என்றால் 5,000 வெள்ளிக்கு வட்டி மட்டும் 500 வெள்ளி. அதற்கு மாதம் 42 தலைகள். வெட்டி வெட்டிக் கை ஓய்ந்தாலும் முதலில் ஒரு காசும் குறையாது. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் கூட, பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கும், பிணையுள்ள கடனுக்கு 12 விழுக்காட்டுக்கும் மேல் வாங்கச் சட்டம் இடந்தரவில்லை. எவராயினும் உங்கள் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் ஈடாகக் கேட்டால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கடன் மனுவுக்குத் தொழில் பதிவு தேவைப்படும். தீபகற்பத்தில் 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின் கீழ், தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி. கடைக்கு வேறு பெயர் சூட்டினால் 60 வெள்ளி. கடை வைக்கும் இடத்துக்கு நகராண்மைக் கழகத்தின் அல்லது மாவட்ட மன்றத்தின் உரிமமும் வேண்டும். உரிமம் கிடைக்குமா என்று விசாரிக்காமல் வாடகைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். தோட்டத்து வீட்டிலேயே தொழில் செய்வோர் நிர்வாகத்தின் அனுமதியைக் கேட்டுப் பெறுவது பின்னர் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

மற்றொன்று. கடன் கிடைத்த மறுநாளே பால்வெட்டு வேலையை விட்டுவிடத் தேவையில்லை. விடியலில் தொடங்கிய வேலை பிற்பகலுக்குள் முடிந்துவிடுகிறது. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடையைத் திறந்து, மூன்று மாதம் எண்ணிப் பாருங்கள். அதற்குப் பள்ளிப் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தேதி, தலைகள், வாங்கிய காசு, செலவான காசு என்று நான்கு கோடுகள். கடனுக்கு வெட்டிய தலையைத் தனியே குறியுங்கள். சம்பள நாளன்று அது உதவும். மூன்று மாத எண்ணிக்கை, மேற்சொன்ன எட்டு ஒன்பதை எட்டாவிட்டால், கடை வாடகைக்குக் கையெழுத்திடும் நாள் இன்னும் வரவில்லை என்று கொள்ளலாம்.

கடன் வாங்கிய பின்னர் ஒரு மாதம் கை இறங்கிவிட்டால் ஒளிந்துகொள்ள வேண்டாம். தவணை நாளுக்கு முன்பே அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளைக்குச் சென்று, நடந்ததைக் கூறி, தவணையை மாற்றி அமைக்க வழியுண்டா என்று அதிகாரியிடம் கேளுங்கள். கையில் 100 வெள்ளி இருந்தால் அதைக் கட்டிவிட்டுக் கேளுங்கள். கட்டியதற்கு ரசீது வாங்கி, அதே நோட்டில் ஒட்டி வையுங்கள்.