எலும்புக்குள் எத்தனை மில்லிமீட்டர்?

மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியவரைப் பற்றி, 'காலில் இரும்பு வைத்திருக்கிறார்கள்' என்று சொல்வோமே, அந்த இரும்பைப் பிடித்திருப்பவை ஸ்குருக்கள். அவற்றின் நீளத்தை மருத்துவர் எப்படி முடிவு செய்கிறார்?

நேயர்கள் மூங்கிலை நினைத்துக்கொள்ளலாம். எலும்பின் இரு பக்கமும் கெட்டிச் சுவர், நடுவே மென்மையான மஜ்ஜை. துளைப்பான் இரண்டாம் சுவரைத் தாண்டும் நொடியில் எதிர்ப்பு சட்டென்று மறைகிறது. அழுத்திய வேகத்தில் முனை சில மில்லிமீட்டர் பாய்ந்துவிடும். அங்கே நரம்போ இரத்தக் குழாயோ இருந்தால்? பழகிய கைக்கும் இது நேரும். பிறகு கொக்கி முனை கொண்ட அளவுகோலைத் துளையில் விட்டு, மறுபக்க விளிம்பில் மாட்டி ஆழம் பார்ப்பார்கள். கொக்கி சரியாக மாட்டாவிட்டால் கணக்குத் தப்பும். ஸ்குரு குட்டையானால் பிடிப்பில்லை. நீண்டுவிட்டால் தசைநாரை உரசும்.

சென்சார் பொருத்திய துளைப்பான் இங்கேதான் கைகொடுக்கிறது. ஒன்று அழுத்தத்தையும், மற்றொன்று முனை நகர்ந்த தூரத்தையும் அளக்கும். எதிர்ப்பு ஏறி, இறங்கி, மீண்டும் ஏறி, திடீரென்று விழுந்தால் எலும்பு முடிந்தது என்று பொருள். அந்த ஆழம் திரையில் தெரியும். மோட்டாரைத் தானே நிறுத்திவிடும் கருவிகளும் உண்டு. முதியோரின் தேய்ந்த எலும்பில் இந்த ஏற்ற இறக்கம் மங்கலாக இருக்கும். அதனால் எக்ஸ்ரேயை ஒதுக்கிவிட முடியாது.

பினாங்குக்கு இது தூரத்துச் செய்தியல்ல. 1972-இல் இங்கு வந்த பி. பிரவுன் நிறுவனம் பாயான் லெப்பாசில் அறுவைக் கருவிகளைத் தயாரிக்கிறது. 2022-இல் பத்து காவானில் ஸ்மித் அண்ட் நெஃபியூ எலும்பியல் ஆலையைத் திறந்தது. மின்னணுச் சில்லுத் தொழிற்சாலைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன.