பவளப் பார்மேல் மிதத்தல்



கடலுக்கடியில் இருக்கும் பவளத் தோட்டத்தைக் காண நாம் ஆழத்தில் மூழ்க வேண்டும் என்பதில்லை. முகத்தில் ஒரு கண்ணாடியும் வாயில் ஒரு மூச்சுக்குழலும் கொண்டு, நீரின் மேற்பரப்பிலேயே குப்புற மிதந்தால் போதும். இதனை ஸ்நார்கெலிங் என்பர். இக்கலையை எப்படித் தொடங்குவது என்பதே இன்றைய பேச்சு.

முதலில், நாம் காணப் போவது யாது? கடலடித் திட்டை நம் தென்கடல் மீனவர் ‘பார்’ என்பர். பவளப் பார் வெறும் கல்லன்று. அது உயிர்கள் வாழும் ஊர். பழைய நூல்கள் ‘பவளப் பூச்சி’ என்று குறித்த அச்சிற்றுயிர் உண்மையில் பூச்சியும் அன்று. ஜெல்லி மீனுக்கு உறவான விலங்கு. அது சுண்ணாம்பைச் சுரந்து தனக்கு வீடு கட்டுகிறது. அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசிகள் வெயிலைக் கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும்பகுதியை அதற்கு அளிக்கின்றன. உருண்டைப் பவளங்களிற் பல ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டரே வளரும். இந்த அளவை நினைவில் வையுங்கள்.

இனி, கருவிகள். வெறுங்கண்ணுக்கு நீருக்குள் எல்லாம் மங்கலாகவே தெரியும். ஒளியைக் குவிக்கக் கண்ணுக்கு முன்னே காற்று வேண்டும். அக்காற்றைத் தருவதே முகக் கண்ணாடி. அதன் வழியே பொருள்கள் உண்மைத் தொலைவில் முக்கால் பங்கில் இருப்பனபோலவும், மூன்றில் ஒரு பங்கு பெரியனவாகவும் தோன்றும். வாரை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். அது விழாமல் ஒட்டி நின்றால் உங்களுக்குப் பொருந்தும்.

மூச்சுக்குழல் ஏன் ஒரு முழத்துக்கும் குறைவாக இருக்கிறது என்று மாணவர் கேட்பதுண்டு. 1 மீட்டர் ஆழத்தில் மார்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 100 கிராம் நீர் கூடுதலாக அழுத்தும். அங்கிருந்து மேற்காற்றை இழுக்க மார்பால் இயலாது. மேலும், நீண்ட குழலில் நாம் விட்ட மூச்சே நமக்குத் திரும்பி வரும். ஆகவே குழலை நீட்டிக்கொண்டு ஆழம் போக நினைப்பது ஆபத்து. காலுக்குத் துடுப்பும், உடலுக்கு முழுக்கைச் சட்டையும், மிதவைச் சட்டையும் இருக்கட்டும்.

பயிற்சியைப் பவளத்தின்மேல் தொடங்கலாகாது. நீச்சல் குளத்திலோ, அலையற்ற மணற்கரையில் இடுப்பளவு நீரிலோ தொடங்குங்கள். முதலாவது, வாயால் நெடுமூச்சு விட்டு அசையாது மிதத்தல். இரண்டாவது, குழலில் நீர் புகுந்தால் ஒரே வேகமாக ஊதி வெளியேற்றல். மூன்றாவது, கண்ணாடிக்குள் நீர் புகுந்தால் அதன் மேல்விளிம்பை அழுத்திக்கொண்டு, முகத்தைச் சற்றே நிமிர்த்தி மூக்கால் ஊதுதல். நான்காவது, தரையில் காலூன்றாமலே தலைதூக்கி இளைப்பாறுதல்.

இந்த நான்காம் பாடத்தைக் கல்லாததால் வந்த கேட்டை நானே அறிவேன். பணி ஓய்வுக்குப் பின் அந்தமான் சென்றிருந்தேன். ஆற்று நீச்சல் தெரிந்தவன் என்ற செருக்கில், பயிற்சியின்றியே இறங்கினேன். கண்ணாடிக்குள் நீர் புகுந்தது, மூச்சு தடுமாறியது, அஞ்சிக் காலை ஊன்றினேன். காலடியில் ஏதோ முறிந்தது. நீர் தெளிந்தபின் குனிந்து நோக்கினேன். கிளைப் பவளம் ஒன்று ஒடிந்து கிடந்தது. மரக்கிளையை ஒடித்த மாணவர்களை எத்தனை முறை கண்டித்திருப்பேன்! அன்று என்னைக் கண்டிக்க அங்கு எவருமில்லை. அமைதியாக மூச்சுவிடத் தெரியாதவன் தனக்கும் தீங்கு செய்கிறான், பவளத்துக்கும் தீங்கு செய்கிறான் என்பதை அன்றுதான் கற்றேன்.

வேறு சில எச்சரிக்கைகளும் உள. தனியே இறங்காதீர். முன்னாளில் முத்துக்குளித்தவர் மூழ்கியபோதும் படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நீரோட்டத்தை அவ்வூர் மீனவரிடம் கேட்டறியுங்கள். மூழ்குமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுப்பது கொடிய பழக்கம். அது மூச்சுத் தவிப்பை உணர்த்தும் கரியமில வாயுவைக் குறைத்துவிடும். எச்சரிக்கை ஏதுமின்றி நீருக்குள்ளேயே நினைவு தப்பும். எதையும் தொடாதீர்; சில பவளங்கள் சுடும், கடல் முள்ளெலி குத்தும்.

அந்தமானிலும் இலட்சத்தீவிலும் தக்க துணையோடு இப்பயிற்சியைப் பெறலாம். நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப் பார்கள் உள்ளன. 1986-இல் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. அனுமதியின்றி அங்கே செல்லலாகாது. அக்கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. முன்னாளில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டியெடுத்தனர். அலையைத் தடுக்கும் அரண் தேய்ந்தது, கரை அரித்தது, தீவுகளுள் இரண்டு நீரில் ஆழ்ந்தன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறியபோது, பாசிகளை இழந்து பவளங்கள் வெளுத்தன. கடலின் வெப்பத்தைத் தணிப்பது ஒருவரால் ஆகும் செயலன்று. காலை ஊன்றாதிருப்பது ஒவ்வொருவராலும் ஆகும்.

ஆதலின், இளைஞர்களே, முதலில் மிதக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு பவளத்தைக் காணச் செல்லுங்கள்.