ஆறும் அயலாரும் – 9: காவிரியின் மேல்திசையில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்

பதினேழாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை பிரெஞ்சுக்காரர்கள் உலகின் பெரிய ஆறுகளை நாடிச் சென்ற வரலாறு, பெரும்பாலும் நில உரிமை கோரிய வரலாறாகவே அமைந்தது. 1673இல் மார்க்கெட் என்ற பாதிரியாரும் ஜோலியே என்ற வணிகரும் வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் படகு செலுத்தி, ஆர்கன்சாஸ் ஆறு அதனோடு கலக்கும் இடம்வரை சென்று திரும்பினர். அவர்களுக்குப் பின் வந்த லா சால், 1682 ஏப்ரலில் அந்த ஆற்றின் கழிமுகத்தில் நின்று, அதுவும் அதன் துணையாறுகளும் பாயும் நிலம் முழுவதும் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்கே உரியது என்று அறிவித்து, அந்நிலத்துக்கு லூசியானா என்று பெயரும் சூட்டினார். அந்த நிலத்தில் காலங்காலமாக வாழ்ந்துவந்த தொல்குடிகளின் இசைவு அந்த அறிவிப்பில் ஒரு பொருட்டாகவே கருதப்படவில்லை.

காவிரியிலும் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கழிமுகத்தருகே ஓரிடம் கிடைத்தது. காவிரியின் கிளையாறான அரசலாறு கடலில் சேரும் காரைக்காலை, 1739இல் புதுச்சேரி ஆளுநராயிருந்த தூமா தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பெற்றார். ஆயினும் மிசிசிப்பியில் நடந்தது இங்கே நடக்கவில்லை. ஆற்காட்டு நவாபு பதவிக்கான போட்டியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எதிரெதிர் அணிகளில் நின்று போரிட்டபோது, திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்ட ஜாக் லா என்ற பிரெஞ்சுத் தளபதி, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவுக்குப் பின்வாங்கி, 1752 ஜூனில் தம் படையுடன் சரணடைந்தார். இரண்டாண்டுகளில் ஆளுநர் தூப்ளே தாய்நாட்டுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். 1761இல் புதுச்சேரியே வீழ்ந்தது. அதன் பின்னர் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் படைகளில் பிரெஞ்சு வீரர்கள் பணிபுரிந்தனர் என்றாலும், அவர்கள் மைசூர் அரசின் ஊழியர்களாக இருந்தார்களே அன்றிக் காவிரியின் மேல்திசையில் பிரான்சின் கொடியை நாட்டியவர்கள் அல்லர்.

இதற்குப் போர்த்தோல்வி மட்டுமே காரணமன்று. காவிரியின் இயல்பும் அதன் கரையில் உருவாகியிருந்த வாழ்க்கையும் இணையான காரணங்களாகும். பருவமழையை நம்பிப் பெருகியும் வற்றியும் ஓடும் இந்த ஆற்றில், ஒகேனக்கல் அருவிக்குக் கீழேயும் பாறைகள் நிறைந்த பகுதிகள் பல இருப்பதால், கடலிலிருந்து கொங்கு நாடுவரை கப்பலோ பெரிய படகோ ஏறி வர வழியில்லை. மூங்கிலைக் கூடையாகப் பின்னி அடியில் தோல் போர்த்திய பரிசலே மக்களை அக்கரை சேர்த்தது. சரக்குகள் மாட்டு வண்டிகளிலும் பொதிமாடுகளிலும் தரைவழியாகச் சென்றன. 1866இல் சைகோனிலிருந்து மீகாங் ஆற்றில் புறப்பட்ட தூதார் தெ லாக்ரேயின் பிரெஞ்சுக் குழுவினரும், சீனா வரை கப்பல் போக்குவரத்துக்கு வழி தேடிச் சென்று கோன் அருவியில் அந்த நம்பிக்கையை இழந்தனர் என்பது இங்கே ஒப்பிடத்தக்கது.

மேலும், ஆற்று நீர் ஏற்கெனவே பங்கிடப்பட்டு வயல்களில் பாய்ந்துகொண்டிருந்த நாடு இது. பவானி ஆறு காவிரியில் கலக்கும் கூடுதுறைக்குச் சற்று மேலே அணை கட்டி, நொய்யல் வரை நீர் கொண்டுசென்ற காலிங்கராயன் வாய்க்கால், பதிமூன்றாம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்ற இரு வாய்க்கால்கள் பிரிந்தன. எந்த மடையை எப்போது திறப்பது என்ற முறையும், எந்த ஊருக்கு எவ்வளவு நீர் என்ற கணக்கும் ஊராரிடமே இருந்தன. இத்தகைய ஆற்றை ஓர் அயலார் புதிதாகக் கண்டறிந்ததாகச் சொல்லிக்கொள்ள இடமே இல்லை.

ஆகவே கொங்கு நாட்டுக்கு வந்து எழுத்தில் தடம் பதித்த பிரெஞ்சுக்காரர்கள் படையின்றி வந்தவர்கள். அவர்களுள் முதலாமவர் ஆபே துபுவா. ஆபே என்பது பிரெஞ்சு மொழியில் கத்தோலிக்கக் குருவைக் குறிக்கும் மரியாதைச் சொல். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1792இல், பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சபையின் சார்பில் புறப்பட்டு இந்தியா வந்த இவர், 1799இல் திப்பு வீழ்ந்த பின்னர் மைசூர் நாட்டிலும், கருமத்தம்பட்டி உள்ளிட்ட கொங்குப் பகுதியிலும் இருந்த கிறித்துவ மக்களிடையே பணியாற்றினார். நாட்டு உடையணிந்து, ஊர் உணவுண்டு, மக்களோடு மக்களாக வாழ்ந்த இவர், அம்மை நோயைத் தடுக்கும் ஊசி போடும் பணியிலும் ஈடுபட்டார். இந்து சமயத்தாரின் பழக்கவழக்கங்களைப் பற்றி இவர் தந்த கையெழுத்துப் படியை 1807இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1816இல் லண்டனில் நூலாக வெளிவந்தது. ஆனால் அந்நூலின் பெரும்பகுதி, துபுவாவுக்கு முன்னர் வாழ்ந்த கேர்தூ என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குருவின் எழுத்துகளை அடியொற்றியது என்பதைச் சில்வியா மூர் என்ற ஆய்வாளர் இருபதாம் நூற்றாண்டில் நிறுவினார். ஆதலின் அந்நூலைக் கொங்கு மக்களின் வாழ்வை நேரில் கண்டெழுதிய சான்றாக அப்படியே எடுத்துக்கொள்ளாமல், எது துபுவா கண்டது, எது அவர் படித்து எழுதியது என்று பிரித்தறிந்தே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாமவர் தாவரவியலாளர் லெஷனோ தெ லா தூர். 1800இல் நிக்கோலா போதேன் தலைமையில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற பிரெஞ்சுக் கடற்பயணக் குழுவில் இடம்பெற்று, உடல்நலம் குன்றியதால் 1803இல் தீமோர் தீவில் இறங்கிக்கொண்ட இவர், பின்னர் ஜாவாவில் தாவரங்களைச் சேகரித்தார். நெப்போலியன் வீழ்ச்சிக்குப் பின் 1816இல் புதுச்சேரி மீண்டும் பிரான்சின் கைக்கு வந்தபோது, அரசின் தாவரவியலாளராக அங்கே வந்துசேர்ந்தார். நீலகிரி அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்துக்கு உட்பட்டிருந்தது. அதன் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையில் ஏறத் தொடங்கியபோது லெஷனோவும் அங்கே சென்றார். நோயுற்றிருந்த அவருக்கு அந்தக் குளிர்ச்சி உடல்நலத்தை மீட்டுத் தந்தது. பவானிக்கு நீர் தரும் மோயாறும் குன்னூர் ஆறும் பிறக்கும் அந்தச் சோலைகளிலும் புல்வெளிகளிலும் அவர் செடிகளைத் திரட்டினார். நீலகிரியின் வெள்ளைக் காட்டு ரோஜாவும் காசித்தும்பை இனச் செடி ஒன்றும் இன்றும் தம் அறிவியல் பெயர்களில் அவர் பெயரைத் தாங்கியுள்ளன. அதுபோலவே, கொங்கு நாட்டின் முட்புதர்க் காடுகளில் ஓடித்திரியும் பாம்புக்கண் பல்லி என்னும் சிறு உயிரினம், ஓஃபிசாப்ஸ் லெஷனால்டியை என்று வழங்கப்படுகிறது.

இவ்விருவரின் பயணங்களுக்கும் ஆங்கிலேயரின் ஆட்சியே வாயில் திறந்துவிட்டது என்பதை மறக்கலாகாது. 1799இல் கொங்கு நாடு கம்பெனியின் கைக்கு வந்த மறு ஆண்டே, விளைச்சலையும் நெசவையும் நீர்ப்பாசனத்தையும் கணக்கெடுக்க பிரான்சிஸ் புக்கானன் அனுப்பப்பட்டார். அவருடைய பதிவுகள் 1807இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. ஆள்வதற்காக அறிய வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. இங்கே ஆட்சி உரிமை ஏதுமற்ற பிரெஞ்சுக்காரர்களிடம் அந்தத் தேவை இல்லை. ஆயினும் அவர்களும் தனியே அறிந்துகொண்டவர்கள் அல்லர். மலைத்தடம் தெரிந்த படகர், தோடர், கோத்தர், இருளர் முதலிய மக்களின் அறிவின்றி எந்தச் செடியையும் எவரும் கண்டடைந்திருக்க முடியாது. செடிக்குப் பெயர் சூட்டிய அறிவியல், வழிகாட்டியவரின் பெயரைக் குறித்துவைக்கத் தவறியது; அது திருத்தப்பட வேண்டிய வரலாற்றுப் பிழை.

லெஷனோ திரட்டிய தாவர மாதிரிகள் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் உலர்தாவரத் தொகுப்பில் உள்ளன. அவர் தம் இந்தியப் பயணத்தைப் பற்றி எழுதிய குறிப்புகளும் பிரெஞ்சு மொழியில் அச்சேறியுள்ளன. தென்னிந்தியத் தாவரங்களின் மாபெரும் தொகுப்பைப் பேணிவரும் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தென்மண்டல மையமும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், பாரதியார் பல்கலைக்கழகமும் இருப்பது கோவையிலேதான். இந்நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து அக்குறிப்புகளைத் தமிழாக்கி, இருநூறு ஆண்டுகளுக்கு முன் பவானியின் நீர்ப்பிடிப்பில் இருந்தவை எவை, இன்று எஞ்சியிருப்பவை எவை என்று ஒப்பிட்டு வெளியிட வேண்டும். அணைகளும் தேயிலைத் தோட்டங்களும் நகரங்களும் மாற்றிவிட்ட இந்த ஆற்று நாட்டைக் காக்க முற்படுவோருக்கு, அந்த ஒப்பீடு இன்றியமையாத ஆவணமாக அமையும்.