எண்ணாற் செதுக்கும் பொறியிற் புவித்தொடுப்பும் கவசமும்

எண்களால் ஆளப்படும் செதுக்கு பொறியொன்று 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்சுத் தொழினுட்பக் கழகத்திற் செய்துகாட்டப்பட்டது. அன்று அதனை ஆண்ட சுற்றுகள் வெற்றிடக் குழாய்களால் ஆனவை. இன்றோ உள்ளங்கையளவான இலத்திரனியற் பலகையொன்றைக் கொண்டு, ஆர்வலர் தம் வீட்டுப் பட்டடையிலேயே மரம் செதுக்கும் பொறிகளை அமைத்துக்கொள்கின்றனர்.

இத்தகைய பொறி சிலவேளை காரணமின்றி நின்றுவிடும். சுழல்தண்டு சுழலத் தொடங்கியதும், எதுவும் தொடாத எல்லை ஆளி தொடப்பட்டதாகப் பலகை அறிவிக்கும். மணிக்கணக்கான வேலை பாழாகும். நிரலே பிழையென எண்ணுவோர் பலர். ஆயினும் பிழை பெரும்பாலும் கம்பிகளின் அமைப்பிலேயே உளது.

சுழல்தண்டின் வேகத்தை ஆளும் மீடிறன் மாற்றி, 230 உவோற்று ஆடலோட்டத்தைச் சீராக்கி, ஏறக்குறைய 325 உவோற்று நேரழுத்தமாக்குகின்றது. பின்னர் அதனைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடி மோட்டருக்கு அளிக்கின்றது. அழுத்தம் இவ்வாறு மிக விரைவாக ஏறி இறங்குவதால், மோட்டர்க் கம்பிக்கும் அயற்கம்பிகளுக்கும் இடையேயுள்ள சிறு கொள்ளளவத்தினூடாக மின்னோட்டம் பாய்கின்றது. எல்லை ஆளியின் கம்பியோ நீண்டது. அதன் சைகை பெரும்பாலும் 5 உவோற்றே. பலகையின் உள்ளீட்டுத் தடை பல்லாயிரம் ஓம். ஆதலின் அற்ப மின்னோட்டமும் ஆங்கே பொய்ச் சைகையாகின்றது.

இதற்குப் பரிகாரமாக முற்றத்திற் புதிய கோலொன்றை நட்டுப் பொறியை அதனோடு மட்டும் தொடுப்போர் உளர். நிலம் இரைச்சலை விழுங்கும் குழியன்று. மின்னோட்டம் தான் புறப்பட்ட இடத்துக்கே மீளும். அவ்வழியைக் குறுகியதாகவும் பிற கம்பிகளைத் தீண்டாததாகவும் அமைப்பதே வேண்டுவது. அன்றியும், அக்கோலின் தடை 50 ஓமாயின், பழுதுற்றவேளை 230 உவோற்று 4.6 அம்பியரையே செலுத்தும். 13 அம்பியர் உருகி அதனால் உருகாது. உருகியை மட்டுமே நம்பிய இடத்தில், பொறியின் உடல் தொடுவோரின் உயிரைக் கவரக் காத்து நிற்கும். எனவே வீட்டு மின்னிணைப்பின் புவிக்கம்பியோடு பொறியின் சட்டம், சுழல்தண்டின் உடல், மீடிறன் மாற்றி ஆகியவற்றைத் தடித்த செப்புக் கம்பியால் இணைத்தல் வேண்டும். இரைச்சலைப் போக்கும் பொருட்டுக் கூட அக்கம்பியைத் துண்டித்தல் தகாது.

இணைப்பு உண்மையில் உண்டா என்பதைப் பல்மானியாற் சோதித்தல் நன்று. சில சுழல்தண்டுகளிற் புவிமுனை உள்ளே உடலோடு தொடுக்கப்படாதிருக்கும். அலுமினியச் சட்டங்களின் மேலுள்ள ஒட்சைட்டுப் படையும் மின்னைக் கடத்தாது. திருகாணி படுமிடத்தில் அதனைச் சுரண்டல் வேண்டும்.

உலோக உறையினுள் வெளிப்புற மின்புலம் புகாதென்பதை மைக்கேல் பரடே 1836இற் காட்டினார். கம்பியின் கவசம் அவ்வுண்மையையே பயன்படுத்துகின்றது. மோட்டர்க் கம்பியின் கவசத்தை இருமுனைகளிலும் சுற்றுமுழுவதும் பற்றும் கவ்வியாற் பிணைத்தல் வேண்டும். இரைச்சலோட்டம் மீடிறன் மாற்றிக்குத் திரும்பும் வழி அதுவே. எல்லை ஆளிக் கம்பியின் கவசத்தையோ பலகைப் பக்கத்தில் மட்டும் இணைத்தல் வழக்கம். இருபுறமும் இணைப்பின், சட்டத்தின் இரு இடங்களுக்கிடையேயுள்ள அழுத்த வேறுபாடு கவசத்தினூடாக ஓட்டத்தைச் செலுத்தக்கூடும்.

இவற்றோடு, சைகைக் கம்பிகளை இணையிணையாக முறுக்கி, மோட்டர்க் கம்பியினின்றும் விலக்கிக் கொண்டுசெல்லலும், குறுக்கிட நேரின் செங்கோணத்திற் குறுக்கிடச் செய்தலும் நலம். வழமையில் மூடியிருந்து தொடும்போது திறக்கும் ஆளி மேலானது. கம்பி அறுந்தாலும் பொறி தானே நின்றுவிடும்.

ஆகவே புவித்தொடுப்பு உயிரைக் காப்பது. கவசம் சைகையைக் காப்பது. முன்னதை நிறைவுசெய்த பின்னரே பின்னதை நாடுதல் முறையாகும்.