எல்இடி எரியுது, சத்தம் மட்டும் வரலை... வீட்டில் செய்த கிட்டார் பெடலில் கோளாறு எங்கே ஒளிந்திருக்கும்?

நான்கு மணி நேர சால்டரிங். விரல் நுனியில் ஒரு சின்ன சூடு. கிட்டாரை மாட்டி, ஆவலோடு ஃபுட் ஸ்விட்சை மிதித்தால் சிவப்பு எல்இடி ஜம்மென்று எரிகிறது. சத்தம்தான் வரவில்லை.

சொந்தமாக கிட்டார் பெடல் செய்யும் கிட்டத்தட்ட எல்லோரும் கடந்து வரும் இடம் இது. பலர் சொதப்புவதும் இங்கேதான். பதற்றத்தில் சால்டரிங் அயர்னை மறுபடி சூடாக்கி, டிரான்சிஸ்டரில் தொடங்கி ஒவ்வொரு பார்ட்டாகக் கழற்றி மாட்டுவார்கள். நன்றாக இருந்த பார்ட்டும் சூட்டில் போய், போர்டின் செம்புத் தடமும் உரிந்து, கடைசியில் மொத்தமும் டிராயருக்குள் முடங்கிவிடும். ஆனால் இப்படிச் 'செத்துப்போன' பெடல்கள் பலவற்றில் பார்ட் எதுவும் செத்திருக்காது. ஒரு ஒயர் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

ஆரம்பநிலை ஆட்கள் அதிகம் செய்து பார்க்கும் 'ஃபஸ் ஃபேஸ்' பெடலையே எடுத்துக்கொள்வோம். 1966இல் லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்தது. மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் பார்த்து அந்த வட்ட வடிவம் வந்ததாகச் சொல்வார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலடியில் இருந்ததால் உலகப் புகழ் பெற்றது. உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், இரண்டு பாட். மொத்தம் 11 பார்ட்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபஸ் என்ற அந்தக் கரகர சத்தம் பிரபலமானதே ஒரு ரிப்பேரால்தான். 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாடலைப் பதிவு செய்தபோது, நாஷ்வில் ஸ்டுடியோவின் மிக்ஸர் சேனல் ஒன்று மக்கர் செய்தது. பேஸ் சோலோ உடைந்துபோய் ஒலித்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். பிறகு அந்தக் கோளாறை வேண்டுமென்றே வரவழைக்கத்தான் பெட்டிகள் செய்ய ஆரம்பித்தார்கள்.

முதல் கேள்வி: பைபாஸில் சத்தம் வருதா?

பெடலை ஆஃப் செய்தால் கிட்டார் சத்தம் சாதாரணமாகக் கேட்கிறதா? இதைப் பார்க்காமல் போர்டைத் தொடவே கூடாது. பைபாஸ் நிலையில் சிக்னல் போர்டுக்குள் போவதில்லை. இன்புட் ஜாக், ஃபுட் ஸ்விட்ச், அவுட்புட் ஜாக் என்று நேராகப் போய்விடும். அப்போதும் அமைதி என்றால், சந்தேகம் கேபிள், ஜாக், ஸ்விட்ச் ஒயரிங் மீதுதான். ஒன்பது கால் ஃபுட் ஸ்விட்சை 90 டிகிரி திருப்பி ஒயர் செய்துவிடுவது சகஜம். ஒரே காலில் அதிக நேரம் சூடு வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகி ஸ்விட்சே போய்விடும்.

பைபாஸ் ஓகே, ஆன் செய்தால்தான் அமைதி என்றால் அடுத்தது பவர். எல்இடி எரிவதை நம்ப வேண்டாம். எல்இடிக்கு மின்சாரம் போகிறது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லாது. இன்னொன்று: பல பெடல்களில் இன்புட் ஜாக் ஸ்டீரியோ வகை. கேபிளைச் செருகினால்தான் பேட்டரியின் நெகட்டிவ் இணையும். கேபிள் இல்லாமலே மீட்டர் வைத்துப் பார்த்து, எங்கேயும் வோல்ட்டேஜ் இல்லையே என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு.

அடாப்டரிலும் கவனம் தேவை. பெடல்களுக்கு வழக்கமானது 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். வீட்டு ரவுட்டர் அடாப்டர் பெரும்பாலும் இதற்குத் தலைகீழ், அதிலும் பல 12 வோல்ட். பாதுகாப்பு டயோடு இல்லாத பெடலில் அதைச் செருகினால் பார்ட்கள் உண்மையிலேயே செத்துவிடலாம். கோளாறு தேடும்வரை பேட்டரியே நல்லது.

கால் மாறிய டிரான்சிஸ்டர்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் 2என் 3904 கேட்கப் போய், அது இல்லையென்று பிசி 547 வாங்கி வருபவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கலாம். இரண்டுமே என்பிஎன் வகை, இந்த வேலைக்கு இரண்டுமே போதும். ஆனால் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், பிசி 547இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என் 3904இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். அச்சு அசலாகத் தலைகீழ். படத்தில் உள்ளபடியே செருகினால் தப்பாகத்தான் உட்காரும். தொல்லை என்னவென்றால், திருப்பி மாட்டிய டிரான்சிஸ்டர் முழுசாக நின்றுவிடாது. அரைகுறையாக வேலை செய்யும். மெலிசாக, நோஞ்சானாக ஒரு சத்தம் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்து மல்டிமீட்டர். 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை கிரவுண்டில் பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையால் டிரான்சிஸ்டர் கால்களைத் தொட வேண்டும். சிலிக்கான் ஃபஸ் ஃபேஸில் முதல் டிரான்சிஸ்டரின் பேஸில் சுமார் 0.6, கலெக்டரில் 1.3 வோல்ட்டை ஒட்டி இருக்கும். முக்கியமான எண், இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர்: 4.5 வோல்ட், அதாவது பேட்டரியில் பாதி. அங்கே 9 காட்டினால் அந்த டிரான்சிஸ்டரில் கரண்ட் ஓடவில்லை. 1 வோல்ட்டுக்கும் கீழே என்றால், 8.2 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 82 கிலோ ஓம் உட்கார்ந்திருக்கலாம். சாம்பல்-சிவப்பு-சிவப்பா, சாம்பல்-சிவப்பு-ஆரஞ்சா என்பது ராத்திரி டியூப்லைட்டில் லேசில் தெரியாது. சிலிக்கானுக்கு 8.2 கிலோ ஓம் பல நேரம் அதிகமாகவே இருக்கும். அதற்குப் பதில் 10 கிலோ ஓம் டிரிம்பாட் வைத்து, 4.5 வரும்வரை திருகுவது எளிது.

எண்கள் சரி, இன்னும் சத்தம் இல்லையா? இப்போதுதான் உண்மையான துப்பறியும் வேலை. ஒரு கிட்டார் கேபிளை ஆம்ப்ளிஃபயரில் செருகி, மறுமுனையின் நடு ஒயரில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வெளி ஒயருக்கு ஒரு முதலை கிளிப்; அதைப் பெடலின் கிரவுண்டில் கடிக்க விடலாம். இதுதான் ஆடியோ புரோப். கெபாசிட்டர் டிசியைத் தடுத்து, ஒலியை மட்டும் விடும். இன்புட்டில் மொபைலிலிருந்து ஏதாவது பாட்டை ஓட விட்டு, இன்புட் கெபாசிட்டரின் இரு பக்கம், முதல் டிரான்சிஸ்டர், இரண்டாவது டிரான்சிஸ்டர், வால்யூம் பாட் என்று சிக்னல் போகும் வழியிலேயே தொட்டுப் போக வேண்டும். பாட்டு எங்கே நிற்கிறதோ, அதற்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் குற்றவாளி. தொடும்போது டப் என்று சத்தம் வரும் என்பதால் ஆம்ப் வால்யூம் குறைவாக இருக்கட்டும், ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். பெடலைத் தைரியமாகத் திறக்கலாம், அது 9 வோல்ட். ஆம்ப்ளிஃபயரைத் திறக்கக் கூடாது, அதிலும் வால்வு ஆம்ப். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் உயிரை எடுக்கும் வோல்ட்டேஜ் தேங்கி நிற்கும்.

வெயிலுக்குக் கோபம் வரும் பெடல்

பழைய ஒலி வேண்டும் என்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் தேடிப் போகிறவர்களுக்கு வேறு கதை. சூடு ஏறினால் அதில் கரண்ட் கசியும். 10 டிகிரிக்கு ஏறக்குறைய இரு மடங்கு. ஏசி அறையில் 4.5 வைத்த பெடல், மே மாத மொட்டை மாடி நிகழ்ச்சியில் திக்கித் திக்கி இருமுவது கோளாறு இல்லை, அதன் சுபாவம். பழைய பிஎன்பி ஜெர்மானியம் பெடல்களுக்கு கிரவுண்ட் பாசிட்டிவ் என்பதால், மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டினால் ஷார்ட் ஆகும்.

கடைசியாக, எல்லாம் சரியாகி மேஜையில் அட்டகாசமாகக் கத்திய பெடல், அலுமினியப் பெட்டிக்குள் வைத்து நாலு ஸ்க்ரூ முடுக்கியதும் மறுபடி ஊமையாகும். இதற்கு அழ வேண்டியதில்லை. போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு கால் மூடியையோ பாட்டின் முதுகையோ தொடுகிறது. கட்டரால் நறுக்கி, பாட்டின் முதுகில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மூடிக்கு உள்பக்கம் ஒரு துண்டு அட்டை வைத்து மறுபடி மூடிப் பாருங்கள்.